பலகையில் தூக்கிய கை

பஸ்ஸில் ஏறினால் டீச்சர் வலதுபக்கம் உட்கார மாட்டாள். இடதுபக்கம் இடமில்லை என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். வலதுபக்க ஜன்னலோரம் காலியாகக் கிடக்கும். கண்டக்டருக்கே பொறுக்காது. "டீச்சர், அங்க இடம் இருக்கே, ஏன் நின்னுக்கிட்டு வர்றீங்க?" என்பார். "இருக்கட்டும்ப்பா, உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்குது" என்பாள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவளுக்கு உட்கார்ந்து முதுகு வலிக்கிறதாம். கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார்.

காரணம் முதுகு இல்லை. பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்புகிற இடத்தில், வலதுபக்கம், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் ஒரு வகுப்பறை. பிள்ளைகள் எல்லாரும் கை தூக்கியிருக்கிறார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை. அடியில், 'பதில் தெரிந்த நகரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த வகுப்பு அவளுடைய வகுப்பு. படத்தில் எல்லாருக்கும் முன்னால், முகம் முழுக்க ஆசையோடு, ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அந்தக் கையைப் பார்க்க முடியாமல்தான் டீச்சர் இடதுபக்கம் நிற்கிறாள்.

செத்தவர்கள் பிடித்து ஆட்டுவதாகச் சொல்வார்கள். இவளைப் பிடித்து ஆட்டியது உயிரோடு, நல்லபடியாக, அதே ஊரில் இருக்கிற ஒரு குழந்தை.

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் பெரிய ஆலை இருந்தது. டீச்சரின் அப்பா அங்கேதான் கொதிகலன் பக்கத்தில் வேலை பார்த்தார். ஆலை மூடியதும் ஊர் தலையில் கைவைத்து உட்கார்ந்தது, உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை. வேலை போனவர்கள் குடித்தார்கள், குடிக்காதவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், இரண்டும் செய்யாதவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போட்டார்கள். நாளிதழில் ஊர்ப்பெயர் வந்தாலே ஏதோ வெட்டுக்குத்து என்று அர்த்தம். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். டீச்சரின் தம்பி அப்படிச் சொல்லித்தான் கல்யாணமே பண்ணிக்கொண்டான். குட்டு வெளிப்பட்டு மனைவி சண்டை போட்டபோது அக்காவிடம் ஃபோனில் அழுதான். "வேற என்னக்கா பண்ணச் சொல்ற? ஊர்ப் பேரைச் சொன்னாலே பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் பையை இழுத்து மடியில வெச்சுக்கிறான்."

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நகராட்சிப் பள்ளியும் ஊருக்குத் தோதாகத்தான் இருந்தது. மழை வந்தால் ஒழுகாத இடமாகப் பார்த்துப் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டே பாடம் நடக்கும். அதைவிடக் கொடுமை, வகுப்பின் மௌனம். கேள்வி கேட்டால் போதும், எல்லாத் தலையும் குனிந்துவிடும். தெரியாதவர்களுக்கு மானம் போய்விடும் என்ற பயம். தெரிந்தவர்களுக்கோ, பெரிய இவனாட்டம் பதில் சொல்கிறான் என்று மற்றவர்கள் ஓட்டுவார்களே என்ற பயம். வருடக்கணக்கில் அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"இனிமே எல்லாரும் கை தூக்கணும்" என்றாள் ஒருநாள். "பதில் தெரிஞ்சா வலது கை. தெரியலன்னா இடது கை. நான் வலது கையை மட்டும்தான் கூப்பிடுவேன். மணி அடிச்சதும் இடது கை தூக்கினவங்க என் மேசைக்கு வரணும், அவங்களுக்கு மறுபடி சொல்லித் தருவேன். யாருக்கும் சொல்லக்கூடாது. இது நம்ம வகுப்பு ரகசியம்."

பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் கேட்கவா வேண்டும். மறுநாளே வகுப்பில் கைகள் முளைத்துவிட்டன. தெரியாத பிள்ளையும் தலைநிமிர்ந்து கை தூக்கினான். மணி அடித்ததும் இடதுகைக் கூட்டம் மேசையைச் சுற்றி மொய்க்கும். பாடத்தில் தலையும் புரியாத வாலும் புரியாத பிள்ளைகள்கூட ஒரு வருடத்தில் வலது கைக்கு மாறினார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குக் 'கை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் மேல் ரகசியமாக ஒரு பெருமை இருந்தது.

அப்போதுதான் புதிய கல்வி அதிகாரி வந்தார். வந்ததும் வராததுமாகப் பள்ளிச் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் அடிக்கச் சொன்னார். ஊர் அவருக்குப் 'பெயின்ட் சார்' என்று பெயர் வைத்துவிட்டது. ஆனால் மனுஷன் பெயின்டோடு நிற்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கூரை மாற்றினார். கழிப்பறைக்குக் கதவு வைத்தார். குழாயில் தண்ணீர் வரவைத்தார். பாதி நாள் வராத வாத்தியார்களை முழு நாளும் வரவைத்தார், அது தண்ணீர் வரவைத்ததைவிடப் பெரிய காரியம்.

"ஒரு கம்பெனிக்காரர் இந்த ஊருக்கு வரலாமான்னு வீட்டுல கேட்டா, அந்தம்மா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா?" என்றார் ஆசிரியர் கூட்டத்தில். "பிள்ளையை எங்க சேர்க்கிறதுன்னு. ரோடு, கரண்டு எல்லாம் அப்புறம். பள்ளிக்கூடம் நல்லாயிட்டா ஊர்ப் பேரு தன்னால நல்லாயிடும்." டீச்சருக்குத் தம்பியின் அழுகை ஞாபகம் வந்தது. இவர் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. அப்படியே போகவும் செய்தாள்.

ஒருநாள் அவர் தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது அவள் வகுப்பில் அத்தனை கைகளும் உயர்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "எப்படி டீச்சர் இது?" என்று கேட்டார். அவள் வெட்கத்தோடு சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம். இதை வெளியில மூச்சு விடாதீங்க."

அதற்குப் பிறகு பார்வையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். பத்திரிகைக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், பக்கத்து நகரங்களின் அதிகாரிகள், யாரென்றே தெரியாத கோட்டுப் போட்ட சிலர். எல்லாரையும் அவள் வகுப்புக்குத்தான் அழைத்துவருவார்கள். அவள் கேள்வி கேட்பாள், காடு மாதிரி கைகள் எழும்பும், வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மணி அடித்ததும் அவர்கள் அவளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், டீ வரும், எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இடதுகைப் பிள்ளைகள் வாசலில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்து நிற்பார்கள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாளாக நாளாக எட்டிப் பார்ப்பதும் நின்றது. மேசைக்கு வரவேண்டாம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதுவாக நின்றுபோயிற்று. கை தூக்குவது மட்டும் மிஞ்சியது.

அந்த வருடத்தின் நடுவில்தான் அந்தக் குழந்தை வந்து சேர்ந்தாள். ஊர்ப் பெயர் கொஞ்சம் தேறியதில் பஸ் நிலையம் பக்கம் ஒரு பெரிய ஹோட்டல் வந்திருந்தது. அதன் சலவைக்கூடத்தில் அவள் அம்மாவுக்கு வேலை. குழந்தை ஒல்லி. எப்போதும் விரலிடுக்கில் ஒரு பென்சில் இருக்கும், சாப்பிடும்போதுதான் கீழே வைப்பாள். பிள்ளைகள் முதல் நாளே 'பென்சில்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் கேள்விக்கே பென்சில் இடது கையைத் தூக்கினாள். அடுத்த கேள்விக்கும் இடது கை. பரவாயில்லையே, வந்த அன்றைக்கே நம் ரகசியத்தை யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று டீச்சர் நினைத்தாள். பிள்ளைகளோ, புதுசாக வந்தவளுக்கு டீச்சர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். இப்படி ஆளுக்கொரு பக்கம் நினைத்துக்கொண்டதில், அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எந்தக் கையால் எழுதுவாளோ அந்தக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான் விஷயம்.

அவள் இடது கையால் எழுதுவது டீச்சர் கண்ணில் படாமலா இருக்கும்? பட்டது. தினம் பட்டது. வகுப்பில் இன்னும் ஒன்றிரண்டு இடதுகைக்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆரம்பத்திலேயே விதியைக் கேட்டவர்கள் என்பதால் தெரிந்தபோது வலது கையைச் சரியாகத் தூக்கினார்கள். ஆகவே டீச்சரின் கண் பார்த்ததை டீச்சரின் புத்தி ஏற்கவே இல்லை. இடது கை என்றால் தெரியாது. அது வேர்விட்டுப் போயிருந்தது.

நோட்டைத் திருத்தினால் எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்று முடிவு கட்டி, அவளைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்தாள். அங்கேயும் சரியாக இருந்தது.

"வீட்டுல யாரும்மா எழுதித் தர்றாங்க?" என்று கேட்டாள்.

"நானேதான் டீச்சர்."

"டீச்சர்கிட்ட பொய் சொல்லலாமா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கன்னத்தைத் தட்டி, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிற்பாடு அவளுக்கு அதிகமாக வலித்தது அந்தச் சிரிப்புதான். சின்னப் பரீட்சைகள் வைத்திருந்தால் விஷயம் வெளுத்திருக்கும். பார்வையாளர் வந்துகொண்டே இருந்த அந்த வருடத்தில் பரீட்சை வைக்க யாருக்கு நேரம்.

வருடக் கடைசியில் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு தேர்வு. நகரத்துக்கு விருது கிடைப்பது அதைப் பொறுத்தது என்று பேச்சு. தேர்வுக்கு முன்னால், பின்தங்கிய பிள்ளைகளைக் 'கூடுதல் கவன மையம்' என்ற இடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பெயரைக் கேட்டால் பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. உண்மையில், மூடிப்போன ஆலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்கவில்லை. யார் யாரை அனுப்பலாம் என்று கேட்டபோது டீச்சர் கடைசி பெஞ்சுப் பக்கம் தலையை ஆட்டினாள்.

பென்சிலின் அம்மா வேலைநேரத்தில் அனுமதி கேட்டு ஓடிவந்தாள். கைகள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. அவற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். குழந்தை பக்கத்தில் நின்றது.

"டீச்சர், வீட்டுல எனக்கே இவதான் பாடம் சொல்லித் தர்றா. துணி மடிக்கும்போது வாய்ப்பாடு சொல்லிக்கிட்டேதான் மடிப்பா."

"வீட்டுல எல்லாப் பிள்ளையும் நல்லாத்தாம்மா படிக்குது. வகுப்புல ஒரு நாளாவது பதில் சொல்லியிருக்காளான்னு கேளுங்க."

"தினமும் கை தூக்குறேன்னு சொல்றாளே டீச்சர்?"

டீச்சர் சிரித்தாள். ரகசியத்தை வெளியில் சொல்ல முடியாதே. "தூக்கினா மட்டும் போதாதும்மா" என்றாள்.

குழந்தை நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தது. அழவில்லை. பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு அம்மாவோடு போனது.

தேர்வு நன்றாக நடந்தது, விருது வந்தது, பஸ் நிலையத்தில் பலகை ஏறியது. அதற்கான படத்தை, பென்சில் கடைசி பெஞ்சில் இருந்தபோதே எடுத்திருந்தார்கள். படம் எடுத்தவர் வெளிச்சத்துக்காகக் கடைசி பெஞ்சு ஜன்னலில் ஏறி நின்று பக்கவாட்டில் எடுத்திருந்தார். பள்ளியில் யார் கண்ணிலும் படாத பெஞ்சு படத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டது. டீச்சரின் வீட்டுக்காரர் அவளைப் பலகைக்கு அடியில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். தம்பி ஃபோனில் கத்தினான். "அக்கா, இங்க டிவியில உன் வகுப்பைக் காட்டினாங்க! இவகிட்ட சொன்னேன், இதுதான்டி எங்க ஊரு, நல்லா பாத்துக்கோன்னு." டீச்சர் ஃபோனை வைத்துவிட்டு அழுதாள். தம்பி வாயால் 'எங்க ஊரு' என்று கேட்டு எத்தனை காலமாயிற்று.

பிறகு ஒருநாள் சாயங்காலம் பஸ் நிலைய வாசலில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவள் வலதுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வேறு வேலையில்லாமல் பலகையைப் பார்த்தாள். தூக்கிய இடது கையின் விரலிடுக்கில் பென்சில் இருந்தது. எழுதிக்கொண்டே இருந்தவள், கேள்வியைக் கேட்டதும், எழுதின கையை அப்படியே உயர்த்தியிருக்கிறாள். பதில் தெரியாத பிள்ளை இப்படிப் பெஞ்சைவிட்டு எழுந்து நிற்குமா? சரியாக இருந்த நோட்டு, கடைசி பெஞ்சிலும் சரியாக இருந்த நோட்டு, துணி மடிக்கும்போது வாய்ப்பாடு, நானேதான் டீச்சர், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. மணி அடித்ததும் இடதுகைப் பிள்ளைகளை மேசைக்குக் கூப்பிடும் வழக்கத்தைக் கைவிடாமல் இருந்திருந்தால், வந்த அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். அந்த நினைப்புதான் அவளை விடவில்லை.

அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அந்தக் கை. கொடியில் காயும் சட்டை காற்றில் கையைத் தூக்கினால் திடுக்கிட்டாள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, எழும்பிய கைகளில் இடது கைகளைத் தேடப் போய், என்ன கேட்டோம் என்பதையே மறந்து நின்றாள். கடைசி பெஞ்சு காலியாக இருந்தும் பேசும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்ட அவளால் முடியவில்லை. வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் டீ கேட்டுக் கையைத் தூக்கினார்.

"ஏங்க இடது கையைத் தூக்குறீங்க?" என்று கத்தினாள்.

"டீ கேட்டேன்ம்மா" என்றார் அவர் பயந்துபோய். "அதுக்கும் கைக்கணக்கு வெச்சிருக்கியா?"

அவள் அடுப்படிக்குப் போய் நின்றாள். எப்படியாவது அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவந்துவிடவேண்டும் என்று அங்கே நின்றபடிதான் முடிவு செய்தாள். ஒரு கை மாறிப்போன விஷயம், அதைச் சொல்லிவிட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தவறுதானே, யாருக்கும் நேரக்கூடியதுதானே. இந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

பெயின்ட் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் மலர்ந்தது. "தாராளமா கூட்டிட்டு வாங்க டீச்சர்! பலகையில இருக்கிற பிள்ளை மறுபடி வகுப்புக்கு வருது. நல்ல செய்தி. அன்னிக்கு ரெண்டு பத்திரிகைக்காரங்களை வரச் சொல்றேன்."

"வேண்டாம் சார்" என்றாள். "படம் எடுக்கிறதா இருந்தா நான் போகல." அவரிடம் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

கூடுதல் கவன மையத்தில் கவனிக்க ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். "அந்தப் பொண்ணா? கொஞ்ச நாள் வந்தா. ரெண்டு பஸ் மாறி வரணும்ல, நின்னுட்டா" என்றார். அங்கிருந்து டீச்சர் ஹோட்டலுக்குப் பின்னாலிருந்த சலவைக்கூடத்துக்குப் போனாள்.

உள்ளே நீராவி. இயந்திரங்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு நீள மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. அம்மா ஒரு முனையையும் பென்சில் மறுமுனையையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் இறுகியது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"உங்க பிள்ளை மேல தப்பில்லம்மா. தப்பு என்னுது" என்று ஆரம்பித்து, வலது கை, இடது கை, வகுப்பு ரகசியம் எல்லாவற்றையும் கொட்டினாள். "இவளுக்குப் பதில் தெரியாதுன்னு நினைச்சுட்டேன். இவளுக்கு விதியே தெரியாதுங்கிறது எனக்குத் தெரியல. கை மாறிப்போச்சு, அவ்வளவுதான். திரும்ப அனுப்புங்க, முதல் பெஞ்சுல உட்காரவைக்கிறேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். பென்சில் கையிலிருந்த விரிப்பின் முனையை விடாமல் நின்றாள்.

"விதி எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள்.

"தெரியுமா?"

"கடைசியில தெரிஞ்சுது. முன் பெஞ்சுப் பொண்ணு சொன்னா. ஏன்டி எப்பவும் தெரியாத கையையே தூக்குறன்னு கேட்டா." குழந்தையின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரிதான் சொன்னாள். "அதுக்கப்புறம் ஒரு வாரம் வலது கைதான் தூக்கினேன். எல்லாக் கேள்விக்கும் தூக்கினேன். நீங்க அப்பவும் கூப்பிடல."

இயந்திரம் ஒன்று ஓடி முடிந்து நின்றது. டீச்சருக்கு அந்த வாரத்தை ஞாபகப்படுத்திப் பார்க்க வரவில்லை. அந்த வாரம் அவள் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியதாகவே நினைவில்லை. எந்தக் கை உயர்ந்தது என்று பார்க்க, முதலில் பார்த்திருக்கவேண்டுமே. கை மாறிப்போச்சு என்று அவள் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அந்த இடத்திலேயே முறிந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அழாதீங்க டீச்சர்" என்று அவள் முழங்கையைப் பிடித்தாள். மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பிடித்திருந்த முனை நழுவி விரிப்பு தரையைத் தொடப் போனது. டீச்சர் சட்டென்று அதைப் பிடித்தாள். பிடித்தபிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"மேல் முனையை என்கிட்ட கொண்டுவாங்க டீச்சர்" என்றாள் பென்சில். "இப்ப கீழ தொங்குறதைப் பிடிங்க. ஆ, அப்படித்தான்." இரண்டு பேருமாக அந்த விரிப்பை மடித்து முடித்தார்கள். பிறகு இன்னொன்றையும் மடித்தார்கள்.

திரும்ப அனுப்புவது என்று முடிவு செய்தது அம்மாதான். "படிப்பு இவளோடது டீச்சர். உங்க மேல இருக்கிற கோபத்துல அதை நான் ஏன் நிறுத்தணும்" என்றாள். நேருக்கு நேராகவே சொன்னாள். டீச்சர் தலையாட்டினாள்.

பென்சில், படிப்பை விட்ட அதே வகுப்பில் மறுபடி சேர்ந்தாள். அவள் வந்த அன்றே வகுப்பு ரகசியத்தை டீச்சர் கலைத்துவிட்டாள். தெரிந்தவர்கள் எந்தக் கையை வேண்டுமானாலும் தூக்கலாம், தெரியாதவர்கள் தூக்கவேண்டாம், யாராக இருந்தாலும் மணி அடித்ததும் மேசைக்கு வரலாம். காடு மாதிரி எழும்பிய கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயின. அடுத்து வந்த பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கடுத்த பார்வையாளர்களைப் பெயின்ட் சார் வேறொரு பள்ளிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குகிறார்களாம். எப்படி என்று டீச்சர் கேட்கவில்லை.

மேசையைச் சுற்றி மறுபடி கூட்டம் சேர்ந்தது. அதில் அவளுக்கு நிம்மதிதான். ஆனால் பென்சில் மட்டும் கை தூக்குவதில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், எழுதாத நேரத்தில் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் மடிமேல் இருக்கும். டீச்சர் தானாகவே அவளைக் கூப்பிடுவாள். எழுந்து நிற்பாள், சரியான பதில் சொல்வாள், உட்காருவாள். மற்றவர்கள் பெஞ்சைவிட்டு எம்பி எம்பிக் கையை ஆட்டும்போது டீச்சரின் கண் முதல் பெஞ்சுக்குத்தான் போகும். இன்றைக்காவது தூக்குவாள் என்று பார்ப்பாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "நீயும் கை தூக்கலாமேம்மா?"

"நீங்கதான் கூப்பிடுறீங்களே டீச்சர்" என்றாள் பென்சில், மரியாதையாக.

வருடம் முடியும்வரை டீச்சர் காத்திருந்தாள். அந்தக் கை எழும்பவே இல்லை. நல்ல மார்க்கோடு மேல் வகுப்புக்குப் போய்விட்டாள்.

போன வாரம் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. ஏறியவர்கள் தள்ளியதில் டீச்சர் வலதுபக்க இருக்கையில் போய் விழுந்தாள். எழுந்திருக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு இளம்பெண், மடியில் ஒரு சின்னக் குழந்தை, காலடியில் பெட்டிகள். ஊருக்குப் புதுசு என்று பார்த்தாலே தெரிந்தது. வண்டி பஸ் நிலையத்துக்குள் திரும்பியதும் பலகை ஜன்னல் முழுக்க வந்து நின்றது. வெயிலில் வர்ணம் கொஞ்சம் மங்கியிருந்தது. கை அப்படியே இருந்தது.

"இதோ, இதுதாங்க!" என்றாள் அந்தப் பெண் சந்தோஷமாக. "இதை டிவியில பார்த்துட்டுத்தான் அவர் இங்க மாத்தல் கேட்டு வாங்கினார். வேற எங்கயோ போகவேண்டியது. பிள்ளைய இங்க சேர்க்கலாம்னு வந்துட்டோம்." குழந்தையின் மோவாயைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினாள். "அந்த அக்காவைப் பாரு. எவ்வளவு ஆசையா கை தூக்குறா பாரு." பிறகு டீச்சரிடம் திரும்பினாள். "அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியும் போல. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதில்லீங்க?"

டீச்சர் பலகையைப் பார்த்தாள். வண்டி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "தெரியும்."